நீச்சல் குளத்து நீரும் அதில் இறங்கும் உடலும்

பழையாறும் கோதையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் பாய்ந்து, தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெற்று விளங்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில், நீச்சல் என்பது அண்மைக்காலம் வரை எவரும் கட்டணம் செலுத்திக் கற்ற கலையாக இருந்ததில்லை. ஊர்க் குளத்தின் படித்துறையில் மூத்தோரின் கைத்தாங்கலில் மிதந்தும், நெற்றுத் தேங்காய்களை இரண்டிரண்டாகக் கட்டி இடுப்போடு அணைத்துக்கொண்டும் பிள்ளைகள் நீச்சல் பழகினர்; பத்து வயதுக்குள் அக்கரை சென்று மீள்வது இயல்பான செயலாகவே கருதப்பட்டது. அக்குளங்களிற் பல இன்று ஆகாயத்தாமரை மூடியும், தெருக் கழிவுநீர் கலந்தும், கரைகள் சுருங்கியும் கிடப்பதால், பிள்ளைகளை அவற்றில் இறக்கப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தின் விளைவாக நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்க வளாகத்து நீச்சல் குளமும், கல்வி நிறுவனங்களும் தங்கும் விடுதிகளும் அமைத்துள்ள குளங்களுமே இத்தலைமுறைக்குப் படித்துறைகளாக மாறிவருகின்றன.

இம்மாற்றத்தோடு ஒரு புதிய கவலையும் வந்து சேர்ந்துள்ளது. குளத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளையின் சிவந்த கண்களையும், வைக்கோல் போல் முரடாகும் தலைமுடியையும், உடலை விட்டு நீங்காத பிளீச்சிங் பவுடர் வாடையையும் காணும் தாய், இந்த இரசாயனத்தில் நாள்தோறும் பிள்ளையை ஊறவைப்பது தகுமா என்று வினவுகிறார். வினா நியாயமானதே. எனினும் அதற்கு விடையாக நீச்சலையே நிறுத்திவிடுவது, ஆறும் கடலும் சூழ்ந்த இம்மாவட்டத்தில் பெருந்தீங்காகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர் என்பதையும், அவர்களுள் பெருந்தொகையினர் குழந்தைகளும் இளையோருமே என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். நீச்சலையும் விடாமல், இரசாயனத்தின் தாக்கத்தையும் குறைத்துக்கொள்ள வழி உண்டு. அவ்வழி மருந்தைக் கொட்டும் கையில் பாதியும், நீரில் இறங்கும் உடலில் பாதியுமாக உள்ளது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், நீச்சல் குளத்துக்கு மருந்து ஏன் தேவைப்படுகிறது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். இம்மாவட்டத்து நாஞ்சில் நாட்டு ஊர்க் குளத்துக்கு நீர் வரும் கால் உண்டு. வயலுக்கு நீர் விடும் மடை உண்டு. நிரம்பினால் வழிந்தோட மறுகால் உண்டு. அழுக்கை உண்ணும் மீனும், நீர்த்தாவரமும், சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் உண்டு. சிமெண்டும் ஓடும் பதித்துக் கட்டப்பட்ட நீச்சல் குளத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே அதே நீர்தான் குழாய் வழியே உறிஞ்சப்பட்டு, மணல் வடிகட்டியில் நுழைந்து, மீண்டும் குளத்துக்கே திரும்புகிறது. வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. நூறு பேர் குளித்த நீரில் நூற்றோராவது மனிதர் நோயின்றி நீந்தி எழவேண்டுமானால், அந்நீருக்குள்ளேயே கிருமியைக் கொல்லும் பொருள் ஒன்று எந்நேரமும் கரைந்து நிற்கவேண்டும். அப்பொருளே குளோரின்.

மருந்து முற்றிலும் இல்லாத நீரே தூய நீர் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், அது ஆபத்தானது. வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளைக்குள் சென்று உண்டாக்கும் மூளைக்காய்ச்சல் அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் மீண்டும் மீண்டும் தோன்றிவருவதும், 2024ஆம் ஆண்டில் இம்மாவட்ட எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளமொன்றில் குளித்த இளைஞர்கள் நோயுற்று ஒருவர் உயிரிழந்ததும் இங்குள்ளோர் அறிந்த செய்தி. அந்த அமீபாவை உரிய அளவில் இருக்கும் குளோரின் அழித்துவிடும். அளவு குன்றிய குளோரின் அழிக்காது. ஆகவே குளோரினைக் கைவிடுவது எவ்வாறு என்பதை விடுத்து, குறைந்த அளவு குளோரினைக் கொண்டு நிறைந்த பயன் பெறுவது எவ்வாறு என்பதையே ஆராயவேண்டும்.

குளோரின் நீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற மென்மையான அமிலமாக மாறுகிறது. கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்வது இதுவே. இவ்வமிலத்தின் ஒரு பகுதி நீரின் தன்மைக்கேற்ப ஹைப்போகுளோரைட் அயனி என்ற வலுக்குன்றிய வடிவத்துக்கு மாறிவிடும். நீர் அமிலத்தன்மை உடையதா, காரத்தன்மை உடையதா என்பதைக் காட்டும் பி.எச். என்ற அளவு 7.5 ஆக இருக்கையில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக நிற்கின்றன. அது 8 ஆக உயர்ந்தால் வலுவுள்ள வடிவம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இந்த ஒரு செய்தியில்தான் இங்குள்ள பல குளங்களின் துன்பம் அடங்கியுள்ளது. எளிதிற் கிடைப்பதும் விலை மலிந்ததுமான பிளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறத்தாழ 30 முதல் 35 விழுக்காடு வரையே உள்ளது. எஞ்சியதிற் பெரும்பகுதி சுண்ணாம்பு. அச்சுண்ணாம்பு நீரைக் கலக்குவதோடு அதன் காரத்தன்மையையும் உயர்த்துகிறது. காரம் உயர உயரக் குளோரின் வலுவிழக்கிறது. நீர் பச்சை பிடிக்கத் தொடங்குகிறது. பராமரிப்பாளர் மேலும் ஒரு வாளி பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார். காரம் மேலும் உயர்கிறது. குளிப்போரின் தோலும் கண்ணும் எரிவதற்குக் காரணம் குளோரின் மிகுதி என்று எண்ணப்படும் பல இடங்களில், உண்மைக் காரணம் இந்தச் சுழற்சியே. பி.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிறுத்தினால், லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் கட்டற்ற குளோரினே போதும். கட்டற்ற குளோரின் என்பது அழுக்கோடு சேர்ந்து செலவாகாமல் கிருமியை எதிர்க்க ஆயத்தமாக நிற்கும் குளோரின்.

மாத்திரை வடிவில் விற்கப்படும் டி.சி.சி.ஏ. என்ற மருந்தில் குளோரின் 90 விழுக்காடு வரை உள்ளது. அது காரத்தை உயர்த்தாமல் தாழ்த்துகிறது. அதனோடு சேர்ந்து நீரில் தங்கும் சயனூரிக் அமிலம், வெயிலில் குளோரின் சிதைந்து போகாமல் காக்கும் நிலைப்படுத்தியாகும். திறந்தவெளிக் குளத்தில் உச்சி வெயில் குளோரினை ஓரிரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அழித்துவிடும் என்பதால் இக்காப்பு பயனுள்ளதே. ஆயினும் நிலைப்படுத்தி தானாகக் குறையாமல் மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போய், ஓர் எல்லைக்கு மேல் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். அப்போது நீரின் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, குளத்தை நெருங்கும்போதே மூக்கைத் துளைக்கும் அந்த வாடையைப் பற்றிக் கூறவேண்டும். அவ்வாடை குளோரின் மிகுதியைக் காட்டுகிறது என்றும், ஆதலால் குளம் தூய்மையாக உள்ளது என்றும் பலர் நம்புகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அம்மோனியா முதலிய நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேரும்போது குளோரமின்கள் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றுள் டிரைகுளோரமின் என்பது நீரில் நில்லாமல் ஆவியாகி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நீந்துவோர் மூச்சிழுக்கும் அதே உயரத்தில் தங்குகிறது. கண்ணை எரிப்பதும், தொண்டையைக் கரகரக்கச் செய்வதும், ஆஸ்துமா உள்ளோருக்கு இருமலைத் தூண்டுவதும் பெரும்பாலும் இதுவே. நல்ல நிலையில் உள்ள குளத்தில் வாடை மிகக் குறைவாகவே இருக்கும். வாடை மிகுந்த குளம், குளித்தவர்கள் விட்டுச்சென்றதைக் குளோரின் சுமந்து களைத்துப்போன குளம்.

அவர்கள் விட்டுச்செல்வது எவ்வளவு என்பது கேட்போரைத் திகைக்க வைக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலில் செரிக்காமல் சிறுநீரோடு வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பூட்டியை அடையாளமாகக் கொண்டு 31 குளங்களையும் வெந்நீர்த் தொட்டிகளையும் ஆராய்ந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். எல்லாவற்றிலும் அந்த அடையாளம் இருந்தது. ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு குளத்தில் 75 லிட்டர் சிறுநீர் கலந்திருந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். இதனோடு வியர்வை, தலை எண்ணெய், முகப்பவுடர், சோப்பின் எச்சம், இறந்த தோல் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். 2010இல் பார்சிலோனாவில் இரு குளங்களின் நீரை ஆராய்ந்தோர், கிருமிநீக்க மருந்தும் உடற்கழிவும் சேர்ந்து உருவாக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட துணைப்பொருள்களை இனங்கண்டனர். குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் இவற்றுள் அடங்கும். இவை தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடியவை. அதே ஆய்வுகளில் ஈடுபட்ட அறிஞர்கள், நீந்துவதால் விளையும் நன்மை இதனால் அழிந்துவிடவில்லை என்றும், நீரின் தரத்தை உயர்த்துவதே செய்யத்தக்கது என்றும் தெளிவுபடுத்தியுள்ளனர்.

இங்கே நாஞ்சில் நாட்டின் பழக்கம் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் தலைக்குக் குளிப்பதை இங்குள்ள முதியோர் ஒப்புவதில்லை. காலையில் தலையில் எண்ணெய் வைத்தே பிள்ளைகளை வெளியே அனுப்புவர். ஊர்க் குளத்தில் அந்த எண்ணெயால் பெரிய தீங்கு விளைந்ததில்லை. நீச்சல் குளத்திலோ அது நீர்மட்டத்தில் படலமாகப் பரவி, ஓட்டு விளிம்பில் பிசுக்காகப் படிந்து, மணல் வடிகட்டியை அடைத்து, கிருமிக்கென இட்ட குளோரினையும் தின்றுவிடுகிறது. இதற்காக எண்ணெயைக் கைவிட வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். நீந்துமுன் தலையை நன்றாக அலசி எண்ணெயை நீக்கவேண்டும். நீந்தி முடித்து, நல்ல நீரில் குளித்து, தலை துவட்டிய பின்னர் எண்ணெய் தேய்க்கவேண்டும். தேங்காய் எண்ணெய் முடியின் உட்புறம் வரை ஊடுருவி அதன் புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வாளர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. குளோரினால் வறண்ட முடிக்கு வேண்டியதும் அதுவே.

நீந்துமுன் குளிப்பது என்னும் இச்செயலே, தனிமனிதர் செய்யக்கூடியவற்றுள் தலையாயது. ஒரு நிமிடம் உடல் முழுதும் நீர் பட நின்றாலே மேலுள்ள வியர்வையும் தூசியும் பெரும்பாலும் நீங்கிவிடும். காலை நனைத்துக்கொண்டு குளத்தில் குதிப்பது குளித்ததாகாது. இப்பழக்கம் இம்மண்ணுக்கு அயலானதும் அன்று. சுவாமித்தோப்பில் முத்திரிக்கிணற்று நீரில் குளித்த பின்னரே வழிபாட்டுத் தலமான பதிக்குள் செல்லும் அய்யாவழியினரின் ஒழுங்கு, புகுமுன் உடலைத் தூய்மைசெய்யும் மரபு இங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்குச் சான்று. முன்குளியலால் வேறொரு பயனும் உண்டு: நல்ல நீரை முன்பே உறிஞ்சிக்கொண்ட முடி, குளத்து நீரைக் குறைவாகவே உறிஞ்சும். அதன்மேல் நீச்சல் தொப்பியும், கண்ணுக்குப் பொருத்தமான கண்ணாடியும் அணிந்தால், முறையீடுகளிற் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். கண்ணுக்குள் பொருத்தும் காண்டாக்ட் லென்ஸோடு எவரும் நீரில் இறங்கக்கூடாது. பருத்தி உடையும் தவிர்க்கத்தக்கது. அது அழுக்கையும் சோப்பையும் தாங்கிவருவதோடு நூற்பிசிறையும் விடும். நீந்திய பின் ஈரத்தோடு வீடு செல்லாமல் அங்கேயே சோப்பிட்டுக் குளிப்பதும், சிறுவர்களை அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் சிறு செயல்களே, பலன் பெரிது.

காற்றைப் பொறுத்தவரை இம்மாவட்டம் நற்பேறு பெற்றது. கூரையிட்டு மூடிய குளங்களில் டிரைகுளோரமின் வெளியேற வழியின்றித் தேங்குவதே குளிர்நாடுகளின் பெருஞ்சிக்கல். அங்கு நீச்சல் பயிற்றுநர்களிடமும் உயிர்காப்பாளர்களிடமும் மூச்சுத் தொல்லை காணப்பட்டதை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசி முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று, இங்குள்ள திறந்தவெளிக் குளங்களின் மேல் தங்கும் ஆவியையும் அடித்துச் சென்றுவிடுகிறது. ஆகவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குத் திறந்த குளமே ஏற்றது. மூடிய அரங்கில் புதிதாகக் குளம் அமைக்க விரும்புவோர், காற்றோட்டத்துக்கான செலவை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்வது கடமை.

உப்புநீர்க் குளம் என்று விளம்பரப்படுத்தப்படும் குளங்களில் குளோரினே இல்லை என்ற கருத்தும் திருத்தப்படவேண்டியது. அக்குளங்களில் கரைந்துள்ள உப்பை மின்பகுப்பு முறையில், அதாவது மின்சாரத்தைச் செலுத்திப் பிரிக்கும் முறையில், குளோரினாக மாற்றும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அளவு சீராக இருப்பதால் எரிச்சல் குறையலாம்; குளோரின் இல்லாமல் இல்லை. கடல்நீரையே நிரப்பும் குளங்களில், கடலுக்கு இயல்பான புரோமைடு குளோரினோடு சேர்ந்து புரோமோஃபார்ம் முதலிய புரோமின் சேர்மங்களைத் தருகிறது என்பதையும் கடற்கரை விடுதிகள் கருதவேண்டும்.

நீரை அளந்தறியும் முறை எளிது. ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் குடிநீரைச் சோதிக்கப் பயன்படுத்தும் குளோரோஸ்கோப் பலருக்கும் பழக்கமானது. சிறு குழாயில் நீரெடுத்து, சில சொட்டு மருந்து விட, நீர் மஞ்சளாகும். அம்மஞ்சளை அருகிலுள்ள வண்ணத்தோடு ஒப்பிட்டு அளவு காண்பர். குடிநீருக்கு அது போதுமானதாக இருக்கலாம். நீச்சல் குளத்துக்கு அது ஏமாற்றும். சற்றுக் காத்திருந்து பார்த்தால், களைத்துப்போன குளோரமினும் அதே மஞ்சளைத் தந்துவிடும். நீச்சல் குளத்துக்கு ஏற்றது, நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. என்னும் மாத்திரை. முதல் மாத்திரை கட்டற்ற குளோரினையும், அடுத்துச் சேர்க்கும் மாத்திரை மொத்தக் குளோரினையும் காட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே குளோரமினின் அளவு. அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டினால், ஆளில்லா இரவு வேளையில் குளோரமினின் அளவைப்போல் பத்து மடங்கு குளோரின் இட்டு அதனை உடைக்கவேண்டும். அல்லது புதுநீர் விடவேண்டும். ஒரு குளிப்பாளருக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் புதுநீர் என்பது ஜெர்மானியர் கடைப்பிடிக்கும் கணக்கு. இரு பருவமழை பெறும் மாவட்டத்துக்கு இது தாங்கமுடியாத செலவன்று. இரசாயனத்தின் சுமையைக் குறைக்கப் புதுநீரைவிடச் சிறந்த மருந்து வேறில்லை.

இவ்வளவும் குளிப்போரைக் கருதிச் சொல்லப்பட்டவை. நீச்சல் குளத்தின் இரசாயனத்துக்கு மிக அதிகமாக ஆட்படுபவரோ குளிப்பவர் அல்லர். விடியுமுன் வந்து பவுடர் டிரம்மின் மூடியைத் திறந்து, முகத்தில் எழும் தூசியை மூச்சில் வாங்கி, வெறுங்கையால் அள்ளி வாளியில் கரைக்கும் பராமரிப்பாளரே அவர். ஆஸ்துமாவும் கைவெடிப்பும் அவருக்கு வரும்போது அது குளத்தோடு தொடர்புடையதாக எவரும் எண்ணுவதில்லை. இது வருந்தத்தக்கது, மாற்றப்படவேண்டியது. அவருக்கு ரப்பர் கையுறையும், கண்ணாடியும், உரிய முகக்கவசமும் தரப்படவேண்டும். எப்போதும் நீரில்தான் பவுடரை இடவேண்டும், பவுடரின்மேல் நீரை ஊற்றக்கூடாது என்பதும், காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று கரைக்கவேண்டும் என்பதும், சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த மேல்நீரை மட்டும் குளத்தில் சேர்க்கவேண்டும் என்பதும் அவருக்குக் கற்பிக்கப்படவேண்டும். காரத்தைக் குறைக்க வைத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் நச்சு வாயுவான குளோரின் எழும், டி.சி.சி.ஏ. மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். மருந்துகளைத் தனித்தனி அறையிலோ, குறைந்தது தனித்தனி மூலையிலோ, தனித்தனிக் கரண்டியோடு வைப்பது உயிர்காக்கும் ஒழுங்கு. 2016 ரியோ ஒலிம்பிக் போட்டியில் குளோரின் இருந்த நீரில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியதால் குளோரின் செயலிழந்து, உயரத்திலிருந்து நீரில் பாயும் போட்டிக்கான குளம் உலகத்தின் கண்முன் பச்சை நிறமானது. பொருள் வளம் மிக்க அரங்கிலேயே ஒரு மருந்து மற்றொன்றை அழிக்கும் என்றால், பயிற்சியே அளிக்கப்படாத ஒருவரிடம் நான்கு டிரம்களை ஒப்படைத்துவிட்டு நீர் நன்றாக இருக்கும் என எதிர்பார்ப்பது அறமாகாது.

ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கால நீச்சல் பயிற்சிக்குப் பிள்ளைகள் திரளுமுன், மாவட்டத்தில் குளம் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் உடைமாற்றும் அறைக்கும் குளத்துக்கும் நடுவே நீர் தடையின்றி வரும் குளியற்குழாய்களை அமைத்து, பராமரிப்பாளருக்குக் கையுறையும் முகக்கவசமும் பயிற்சியும் வழங்கி, அன்று காலை அளந்த குளோரின் அளவையும் பி.எச். அளவையும் வாயிலில் ஒரு கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன் அப்பலகை எங்கே என்று கேட்கவேண்டும்.